மொழிபெயர்க்காத சிரிப்பு

தலைநகரின் முனிர்கா பகுதியில் ஒட்டியேனோவுக்கு அறை பார்க்கத் துணைக்குப் போகும்படி கிருஷ்ணபிரசாத்திடம் சொன்னவள் ஜோஸ்லின். மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள். ஒட்டியேனோ கென்யாக்காரன். கிருஷ்ணபிரசாத் சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவன். தமிழைவிட இந்திதான் அவனுக்குச் சரளம்.

வீட்டுக்காரர் ஒட்டியேனோவை ஏற இறங்கப் பார்த்தார். "ஹப்ஷியா?" என்றார் இந்தியில், ஆப்பிரிக்கர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையால். "நீயே சொல் பையா, உன் அம்மா இருக்கிற வீட்டில் இவனைக் குடிவைப்பாயா?"

கிருஷ்ணபிரசாத் சிரித்துவிட்டான். "மாட்டேன்தான்" என்றான். பிறகு ஒட்டியேனோ பக்கம் திரும்பி, "அறை நேற்றே போய்விட்டதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஒட்டியேனோ நன்றி சொல்லிவிட்டு நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை திரைப்படக் கழகத்தில், அமெரிக்க அடிமைமுறையைச் சினிமா எப்படிக் காட்டியது என்று கிருஷ்ணபிரசாத் பேசினான். மூன்று படங்களிலிருந்து காட்சிகளைப் போட்டுக் காட்டினான். பழைய படத்தில் அடிமைகள் எஜமானியின் பாவாடை மடிப்பைச் சரிசெய்தபடி பாடினார்கள். அடுத்ததில் சவுக்கும் சங்கிலியும் இருந்தன. ஆனால் கதை முழுக்க இரக்கமுள்ள ஒரு வெள்ளைக்காரரின் பின்னாலேயே போயிற்று. மூன்றாவதில் எஜமானன் பேசும்போதும், கேட்டுக்கொண்டு நிற்கும் அடிமைப் பெண்ணின் முகம்தான் திரையில் தெரிந்தது.

"முதல் படம் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபத்தானது இரண்டாவதுதான். பார்க்கிற ஒவ்வொருவனும் அந்த நல்லவர் தான்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்" என்று முடித்தான். நல்ல கைதட்டல்.

படிக்கட்டில் ஒட்டியேனோ நின்றிருந்தான். "நன்றாகப் பேசினாய்" என்றான், தெளிவான இந்தியில். "அன்றைக்கு ஏன் சிரித்தாய்?"

கிருஷ்ணபிரசாத்துக்குக் காது மடல் சுட்டது. "உனக்கு இந்தி..."

"ஓர் ஊருக்குப் போனால் திட்டுகிற வார்த்தைதானே முதலில் பழகும்?"

"உன் மனசு நோகக் கூடாதென்றுதான்..."

"அறை போய்விட்டது என்றாயே, அது அதற்காக இருக்கலாம். நான் கேட்டது சிரிப்பை."

கிருஷ்ணபிரசாத் பேச்சுக் குறிப்புத் தாள்களை மடித்துக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒட்டியேனோ இறங்கிப் போனான்.

பின்னால் வந்த ஜோஸ்லினிடம் கிருஷ்ணபிரசாத் நடந்ததைச் சொன்னான். "எங்காத்துல அம்மா ஒத்துக்கவே மாட்டா, உனக்கே தெரியும்."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அவங்கள இழுக்க? அந்த வீட்டுக்காரர் கேட்டது உன்கிட்ட."

மறுநாள் காலை தனியாக முனிர்காவுக்குப் போனான். கதவைத் திறந்த வீட்டுக்காரரிடம், "அன்று நான் சொன்னது தப்பு. நான் குடிவைப்பேன்" என்றான். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முதுகில் தட்டிக் கொடுத்தார். "அட, நீ படித்தவன், நல்ல மனசு உனக்கு. உட்கார், சாய் குடி."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தான். அவர் தன் மகன் வேலையைப் பற்றிப் பேசினார். இவன் "அச்சா, அச்சா" என்று கேட்டபடி முழுத் தம்ளரையும் குடித்து முடித்தான். அதை ஜோஸ்லினிடம்கூட அவன் சொல்லவில்லை.