அம்மாவின் ஒரு மணி நேரம்

பிள்ளைகளோடு தினமும் ஒரு மணி நேரம் செலவழியுங்கள் என்று போனில் வந்த வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டு யமுனாவுக்கு ஞானம் பிறந்தது. மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவை மேய்ப்பவள் அவள். காலையில் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவாள். கணவன் சித்தார்த்துக்கு ஓசூரில் வேலை. மாதம் இரண்டு முறை வந்துபோகிற விருந்தாளி. யமுனா ஒருநாள் லீவு போட்டு, எட்டு வயது மகள் வேணியை முக்கொம்புப் பூங்காவுக்கு அழைத்துப்போனாள்.

ஊஞ்சலாடினாலும் சோளம் தின்றாலும் குழந்தை வாயில் லூர்துராணி ஆன்ட்டி புராணம்தான். கீழ்வீட்டுத் தையல்காரி லூர்துராணி. ஸ்கூல் விட்டதும் அம்மா வரும்வரை வேணி அங்கேதான் கிடப்பாள். தரையில் சிந்திய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்கித் தருவாளாம். ஆன்ட்டி தலை வாரினால் வலிக்கவே வலிக்காதாம்.

"அடுத்த தடவ ஆன்ட்டியோட வரட்டுமாம்மா? நீ கடைக்குப் போயிடு" என்றாள், கிளம்பும்போது.

யமுனாவுக்கு வயிறு எரிந்தது. மூன்று வருஷமாகத் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, அந்தப் பாவிக்கு.

அன்று சாயங்காலமே வேணியை மடியில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இனிமே கீழ போகாதடி தங்கம். நீ ரொம்பத் தொல்லையா இருக்கியாம். உன் முகத்துக்கு நேரா சொல்ல மனசு வராம ஆன்ட்டி என்கிட்ட சொன்னாங்க."

வேணி அழவில்லை. எத்தனை நாளாகத் தொல்லை என்று மட்டும் கேட்டாள். ரொம்ப நாளாக என்றாள் பெற்றவள்.

மறுநாளிலிருந்து ஸ்கூல் விட்டதும் டியூஷன். தைத்த பாவாடையை எடுத்துக்கொண்டு லூர்துராணி மாடியேறி வந்தபோது வேணி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பரீட்சை நேரம் என்று யமுனா சமாளித்தாள். அந்த அம்மாள் மூடிய கதவைப் பார்த்தபடியே நின்றுவிட்டு இறங்கிப் போனாள். யமுனாவுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம், வெட்கமில்லாமல் வந்தது.

சொன்னபடி நேரம் ஒதுக்கினாள், அதில் குறை சொல்வதற்கில்லை. தினமும் எட்டிலிருந்து ஒன்பது வரை போன் பீரோவுக்குள் போய்விடும். நடுவில் கேரம் போர்டு. வேணி முழங்காலை ஒட்டிவைத்து உட்காருவாள். தண்ணீர் குடிக்கட்டுமா என்று கேட்பாள். காய் கீழே உருண்டால் சாரிம்மா என்பாள். எவ்வளவு பதவிசு என்று யமுனா பூரித்துப்போனாள்.

எட்டாம் நாள், ஒன்பது அடித்ததும் வேணி தானாகவே எழுந்தாள். யமுனாவுக்கு விட மனசில்லை. கையைப் பிடித்து இழுத்து, கிச்சுகிச்சு மூட்டி, இன்னும் ஒரு ஆட்டம் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். வேணி சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டியும் இப்படித்தாம்மா சிரிப்பாங்க" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் தொல்லையா இருந்தா நீ யார்கிட்டம்மா சொல்லுவ?"

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் பிள்ளை அடுத்த நிமிஷம் கீழே ஓடிவிடும். யமுனா சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக நடுவில் அடுக்கினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டி தங்கம்" என்றாள்.