ராஜா விஷம் குடிக்க எடுத்துக்கொண்ட நேரம்

நாற்பது நிமிஷப் படம் அன்றைக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் ஓடியது. சுருள் சிக்கவில்லை, கரண்ட் போகவில்லை. பிள்ளைகள் சிரித்து முடிக்கட்டும் என்று திரையில் இருந்த ராஜா கோப்பையும் கையுமாகக் காத்து நின்றார், அவ்வளவுதான். மேடையில் நடிக்கிறவன் காத்திருப்பான், அது தொழில். படத்துக்குள் இருக்கிறவனுக்கு என்ன வந்தது?

பெண்டாட்டி கொடுத்த விஷம் என்று தெரிந்தே ராஜா குடித்துச் சாகிற பழைய நாடகத்தைப் படமாக எடுத்தது அது. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள், வகுப்பே பெஞ்சில் கவிழ்ந்து தூங்கும். புதிதாக வந்த தற்காலிக டீச்சர்தான் ராஜாவின் நீளப் பேச்சுக்கு நடுவே, "இவ்ளோ நேரம் பேசினா விஷம் ஆறிடாதா?" என்று கேட்டுவைத்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மறுபடி சுட வைக்கச் சொன்னா அந்தம்மா கொன்னே போட்டுடும், டீச்சர்!" என்றாள். வகுப்பு அதிர்ந்தது. ராஜா நின்றது அப்போதுதான்.

ஹெட்மாஸ்டர் தன் நிழலையே திரும்பிப் பார்க்கிற ஆள். டீச்சர் வெட்டி ஒட்டியிருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, துணிக்கடையிலிருந்து அளவுகோல் வாங்கிவந்து, வராந்தாவில் சுருளை விரித்து இரண்டு நாள் அளந்தார். ஒரு விரற்கடை கூடவில்லை. சுருளை பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் சோதிப்பதற்காக எடுத்து அதே வகுப்புக்குப் போடச் சொன்னார், ஐம்பத்தெட்டு நிமிஷம்.

"இன்னொரு தடவை பீரியட் தாண்டினா திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா" என்றார். இதை விட்டால் டீச்சருக்கு வேறு பிழைப்பு கிடையாது. மூன்றாம் முறை ஹெட்மாஸ்டரே மெஷின் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். "எவன் பல்லாவது தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்." ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ராஜா கோப்பையைத் தூக்கினார், நின்றார். ஐந்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். சுருள் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ராஜா கடைசி பெஞ்சையே பார்த்தார். டீச்சர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்ப வேண்டியவர் போல.

"யோவ், குடிச்சுத் தொலையேன்யா, ஆறிடப் போகுது!" என்று கத்தினது ஹெட்மாஸ்டர்.

கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தார்கள். ராஜா அது அடங்கும்வரை பொறுத்து, ஹெட்மாஸ்டரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுக் குடித்தார். அவர் விழுந்தபோது அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்தான் முதலில் அழுதாள். ஹெட்மாஸ்டர் தூசி என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார்.

டீச்சர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். கால அட்டவணையில் அந்தப் படத்துக்கு நேரம் போடுவதில்லை. 'ராஜா குடிக்கும் வரை' என்று ஹெட்மாஸ்டர் கையாலேயே எழுதியிருக்கிறது. படம் முடிந்ததும் சுருளை அளப்பதை மட்டும் அவர் விடவில்லை.