ஆபிரகாமின் மழைக்கோட்டு

ஆமர்ஸ்ஃபோர்ட்டில் ரயில் மாறும்போது இலாரியா மறுபடியும் கேட்டாள்.

“அந்த ஊர்ல அப்படி என்னதான்டி இருக்கு?”

“ஆறு இருக்கு. பழைய சர்ச் இருக்கு. தேன் கேக் இருக்கு,” என்றாள் யெட்ஸ்கே.

“ஆறு, சர்ச், கேக்,” என்றான் யோரிஸ். “இத்தனை நாளும் நாம பார்த்தது அதேதானே? கௌடால கேக்குக்குப் பதிலா சீஸ். அவ்ளோதான் வித்தியாசம்.”

இலாரியா சிரித்தாள். யெட்ஸ்கே சிரித்ததாகக் காட்டிக்கொண்டாள். மூன்று பேரும் குரோனிங்கனில் ஒரே விடுதியில் ஒரே சமையலறையில் சமைப்பவர்கள். இலாரியா ஒரு வருடப் படிப்புக்காக வெளிநாட்டில் உள்ள பாரி நகரிலிருந்து வந்தவள். வசந்த விடுமுறையில் இந்த நாட்டின் ஊர்களை எல்லாம் காட்ட வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். உட்ரெக்டில் யோரிஸின் அண்ணன் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு, லெய்டன், டெல்ஃப்ட், கௌடா என்று தினம் ஓர் ஊராகப் போய் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரோட்டர்டாம் என்றுதான் பேச்சு. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது யெட்ஸ்கே திடீரென்று தெவெந்தர் என்றாள். அவள் எதையும் அடம்பிடித்துக் கேட்கிற பெண் அல்ல. அதனாலேயே மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவள் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். அவளுடைய அப்பாவுக்கு இன்று ஐம்பது வயது. அவள் பள்ளிப் பருவத்தில் இருந்தபோது அவர் ஹார்லிங்கன் வீட்டை விட்டுப் போனார். தெவெந்தரில் வேறு குடும்பம். முதலில் ரயில் நிலையக் காப்பிக்கடைகளில் சந்தித்தார்கள். பிறகு அதுவும் நின்று, தொலைபேசி மட்டும் மிச்சமானது. புத்தாண்டுக்கு அழைத்தபோது, ஐம்பது வருகிறதே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவளாகத்தான் கேட்டாள். “பெரிசா ஒண்ணும் இல்லம்மா. குடும்பத்துக்குள்ள மட்டும்,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். பிறகு பரீட்சை எப்படிப் போகிறது என்று கேட்டார்.

குடும்பத்துக்குள்ள மட்டும். அந்த வார்த்தைகளை அவள் பல வாரங்களாகக் காலணிக்குள் விழுந்த கல்லைப் போலக் கொண்டு நடந்திருந்தாள். உள்ளே போகும் எண்ணம் அவளுக்கு இல்லை. முகவரி அவளிடம் இருந்தது. இந்த ஊர்களில் யாரும் பகலில் திரை போடுவதில்லை. நடந்துபோகிற போக்கில் ஒரு தடவை ஜன்னலைப் பார்க்கலாம். அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், யார் பக்கத்தில் இருக்கிறார்கள், அது போதும். பிறகு ஆற்றங்கரைக்குப் போய்க் கேக் சாப்பிடலாம்.

தெவெந்தரில் மழை தூறிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பக்கம் போகாமல் அவள் எதிர்ப்புறம் திரும்பினாள். இருவரும் கேள்வி கேட்காமல் பின்னால் வந்தார்கள். செங்கல் வீடுகள், ஈரமான வேலிச்செடிகள், சுவரில் சாய்ந்த மிதிவண்டிகள். தெருவின் நடுவில் ஒரு வீட்டின் முன்தோட்டத்தில் நாற்காலி போட்டு ஒரு பொம்மைக் கிழவனை உட்காரவைத்திருந்தார்கள். வைக்கோல் உடம்பு, பஞ்சுத் தாடி, மடியில் ஐம்பது என்று எழுதிய பலகை.

“ஐயோ, இது யாரு?” என்று இலாரியா ஓடினாள்.

“ஆபிரகாம்,” என்றான் யோரிஸ். “அம்பது வயசாச்சுன்னா ஆபிரகாமைப் பார்த்தாச்சுன்னு சொல்லுவாங்க. ஊரே பார்த்துச் சிரிக்கணும்னு வாசல்ல இப்படி ஒருத்தரை உட்கார வைப்பாங்க. எங்கப்பாவுக்கு வெச்சப்போ மூணு நாள் வீட்டை விட்டு வெளியவே வரலை மனுஷன்.”

யெட்ஸ்கே தெருவிலேயே நின்றுவிட்டாள். வீட்டு எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பொம்மை போட்டிருந்த மஞ்சள் மழைக்கோட்டு அவளுக்குத் தெரியும். துறைமுகத்தில் மழை பிடித்துக்கொள்ளும்போது அப்பா அவளை அந்தக் கோட்டுக்குள் நிறுத்திப் பொத்தான்களைப் போட்டுவிடுவார். அவர் மோவாய்க்குக் கீழே அவள் தலை மட்டும் வெளியே இருக்கும். இருவரும் நான்கு கால்களோடு நடப்பார்கள். மூன்றாவது பொத்தான் பச்சை. விழுந்துபோன பொத்தானுக்குப் பதிலாகத் தன் சட்டையிலிருந்து ஒன்றை அறுத்து அவள்தான் தைத்தாள். அது இன்னும் இருந்தது.

இலாரியா பொம்மையின் தோளில் கை போட்டுக்கொண்டாள். யோரிஸ் படம் எடுத்தான். அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, கையில் பூந்தொட்டியோடு ஒரு முதியவர் வந்தார்.

“வாழ்த்துகள், வாழ்த்துகள்! ஏன் மழைல நிக்கிறீங்க? மார்லேனோட ஆபீஸ் பிள்ளைகளா? உள்ள போங்க, கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும்.”

“கேக் இருக்குமா?” என்று யோரிஸ் அவள் காதில் கேட்டான்.

இல்லை, நாங்கள் வழிப்போக்கர்கள் என்று சொல்ல வேண்டியது யெட்ஸ்கேதான். முதியவர் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து காப்பி வாசனை வந்தது. அவள் சொல்லவில்லை.

“நான் செய்றதைப் பார்த்து அப்படியே செய்,” என்று மட்டும் இலாரியாவிடம் சொன்னாள்.

கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எல்லோர் முழங்காலிலும் தட்டு. அப்பா வட்டத்தின் அந்தப் பக்கம் காப்பிக் கூஜாவோடு நின்றிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்தார். கூஜா அசையவில்லை. பிறந்தநாள்காரரிடம்தான் முதலில் போக வேண்டும். அவள் போய்க் கையை நீட்டினாள்.

“வாழ்த்துகள்.”

“நன்றி,” என்றார் அப்பா. வந்த மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போலவே கை கொடுத்தார். “நன்றி. உக்காரு… உக்காருங்க எல்லாரும்.”

அவள் காத்திருந்தாள். ஒரு மூச்சு நேரம். அவர் அடுத்த கோப்பையின் பக்கம் திரும்பினார்.

அதன் பிறகு வட்டத்தைச் சுற்றித்தான் ஆக வேண்டும்; பிறந்தநாள்காரருக்காக அவரைச் சேர்ந்த ஒவ்வொருவரையும் உறவைச் சொல்லி வாழ்த்துவது இங்கே முறை. அவள் அப்பாவின் இப்போதைய மனைவி மார்லேனிடம் போனாள். “உங்க வீட்டுக்காரருக்காக வாழ்த்துகள்.” இவள் யாரென்று மார்லேனுக்குத் தெரிந்திருந்தது. கை குளிர்ந்திருந்தது. “வாம்மா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் பார்த்தாள். மார்லேனின் அப்பாவிடம், “உங்க மருமகனுக்காக வாழ்த்துகள்.” அடுத்த நாற்காலியில் கால் தரையைத் தொடாமல் ஒரு சிறுமி. அப்பாவின் அதே குட்டை மூக்கு. லோட்டே என்ற பெயரைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். யெட்ஸ்கே குனிந்தாள்.

“உன் அப்பாவுக்காக வாழ்த்துகள்.”

“நன்றி,” என்றது அது, பெரிய மனுஷியைப் போல.

பின்னால் வந்த இலாரியாவுக்கு இந்த ஊர் மொழியும் முறையும் அரைகுறைதான்; அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். மார்லேனிடம், “உங்க அப்பாவுக்காக வாழ்த்துகள்.” மார்லேனின் அப்பாவிடமும் அதையே சொன்னாள். பக்கத்து வீட்டு முதியவர் டென் பிரிங்கெயிடமும் சொன்னபோது கூடமே சிரித்தது.

“எங்கப்பாவா? அவர் போய்ச் சேர்ந்து நாப்பது வருஷம் ஆச்சும்மா. இருந்தாலும் சொல்லிடறேன்.”

சிரிப்பு பிடித்துப்போய் இலாரியா நிறுத்தவில்லை. யோரிஸுக்குக் கை கொடுத்தாள். கடைசியாக யெட்ஸ்கேயிடம் வந்து, தலை சாய்த்து, நாடகம் போலச் சொன்னாள். “உங்கள் அப்பாவுக்காக வாழ்த்துகள், அம்மணி!”

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். யெட்ஸ்கே அப்பாவைப் பார்த்தாள். இப்போது அவர் சொல்லிவிடலாம், இது என் மகள் என்று. சிரித்துக்கொண்டே கூடச் சொல்லிவிடலாம். அவர் குனிந்து கேக்கை வெட்டத் தொடங்கினார். எதிர்பாராத மூன்று பேர். துண்டுகள் மெல்லியதாக விழுந்தன.

சமையலறையிலிருந்து ஸ்டூல்கள் வந்தன. வட்டத்துக்குள் இடமில்லை. அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். டென் பிரிங்கெ, படிப்பு என்ன, ஊர் எது என்று விசாரித்தார். ஹார்லிங்கன் என்றாள். “அட, நம்ம சீப்ரனும் அந்தப் பக்கம்தானே! ஏம்ப்பா சீப்ரன், உங்க ஊர்ப் பொண்ணாம்!” என்றார். “அப்படியா,” என்றார் அப்பா, ஒவ்வொரு கோப்பையாகக் காப்பி ஊற்றிக்கொண்டே. அவளுடைய கோப்பையில் மட்டும் கேட்காமலே பால் விட்டார். நிறைய. சின்ன வயதில் அவளுக்குப் பாலில்தான் காப்பி. இப்போது அவள் பால் விட்டுக் குடிப்பதில்லை. குடித்தாள்.

“ஏய்,” என்றான் யோரிஸ், மிகத் தாழ்ந்த குரலில். அவன் பார்வை லோட்டேயின் மூக்கிலிருந்து அவள் மூக்குக்கு வந்திருந்தது. “நாம கிளம்பிடலாமா?”

“இதைக் குடிச்சிட்டு.”

இலாரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. அவள் தன் கையை எடுத்து யெட்ஸ்கேயின் முழங்காலில் வைத்தாள். 

கோப்பையில் பாதி இருக்கும்போது கதவு மறுபடி திறந்தது. நனைந்த தொப்பியைக் கழற்றியபடி பருத்த பெண்மணி ஒருத்தி உள்ளே வந்தாள். அப்பாவின் அக்கா பௌக்யே. ஹார்லிங்கனிலிருந்து இரண்டு ரயிலைத் தவறவிட்டு வந்திருந்தாள். அதைத் தெருவிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தாள்.

“வாழ்த்துகள்டா தம்பி. வாசல்ல உன்னை மாதிரியே ஒருத்தன் உக்காந்திருக்கான், ஆனா அவன் கொஞ்சம் அழகு.”

தம்பியைக் கட்டிக்கொண்டுவிட்டு வட்டத்தைச் சுற்றத் தொடங்கினாள். யாரையும் விடவில்லை. உங்க வீட்டுக்காரருக்காக. உங்க மருமகனுக்காக. அப்பாவுக்காக, லோட்டே குட்டி. பக்கத்து வீட்டுக்காரருக்காக, டென் பிரிங்கெ. யெட்ஸ்கே எழுந்து நின்றாள். ஓடிவிடலாம் போலிருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வட்டம் இருந்தது. அத்தை யோரிஸுக்குக் கை கொடுத்தாள், இலாரியாவுக்குக் கொடுத்தாள், அடுத்த கையைப் பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

“யெட்ஸ்கே! அடி கழுதை, நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேர்ந்தே வந்திருக்கலாமே!” இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பிறகு, முறை என்றால் முறை, அவள் கையைக் குலுக்கிச் சத்தமாகச் சொன்னாள். “உன் அப்பாவுக்காக வாழ்த்துகள்டி கண்ணு.”

யாரும் சிரிக்கவில்லை. யாருடைய தட்டிலோ கரண்டி நகர்ந்தது. அத்தை திரும்பி வட்டத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவர் கூஜாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. யெட்ஸ்கேயின் கையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டாள்.

முதலில் எழுந்தவர் டென் பிரிங்கெ. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வட்டத்தைக் குறுக்கே கடந்து வந்தார்.

“தெரியாம வெறும் வாழ்த்துகள்னு சொல்லிட்டேன். தப்பாயிடுச்சு.” கையை நீட்டினார். “உங்க அப்பாவுக்காக வாழ்த்துகள்.”

“நன்றி.”

அவருக்குப் பின்னால் மார்லேனின் அப்பா. பிறகு ஒவ்வொருவராக. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மார்லேன் வந்தாள், கையைக் கொடுத்தாள், ஏதோ சொல்ல நினைத்து அந்த ஒரு வாக்கியத்தையே சொன்னாள். கடைசியாக லோட்டே இறங்கி வந்து அவள் முன்னால் நின்றது.

“எங்க அப்பாவுக்காகவா?”

“ஆமா.”

சிறுமி கொஞ்சம் யோசித்தது. பிறகு கை கொடுத்தது. ஒட்டுகிற கை, கேக்கின் கிரீம் காயாத கை.

அப்பா மட்டும் வரவில்லை. பிறந்தநாள்காரர் யாரையும் வாழ்த்துவதில்லை, அவருக்கு அதற்கு ஒரு வாக்கியமும் கிடையாது. அவர் காலியான கூஜாவோடு சமையலறைக்குள் போனார். தண்ணீர் வெகு நேரம் ஓடும் சத்தம் கேட்டது.

அவர்கள் கிளம்பியபோது காற்று பிடித்திருந்தது. வாசலில் ஆபிரகாம் நாற்காலியோடு கவிழ்ந்து, முகம் மண்ணில் கிடந்தார். யோரிஸ் தூக்கப் போனான். இலாரியா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார், தலையில் ஒன்றுமில்லாமல், வீட்டுச் செருப்போடு.

அவர் ஒரு தோளைப் பிடித்தார். யெட்ஸ்கே மற்ற தோளைப் பிடித்தாள். வைக்கோல் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. பொம்மையை நிமிர்த்திய பிறகும் அது நிற்கவில்லை, இருவரில் ஒருவர் விட்டாலும் சாயும் போலிருந்தது.

“ரயில் எப்போ?”

“அரை மணிக்கு ஒண்ணு இருக்கு.”

“அப்ப அவசரமில்ல,” என்றார்.

கோட்டு திறந்துகொண்டு வைக்கோல் வெளியே வந்திருந்தது. ஒரு கையால் பொம்மையைத் தாங்கியபடி, மற்றக் கையால் அவர் வைக்கோலை உள்ளே தள்ளினார். மேலிருந்து பொத்தான் போடத் தொடங்கினார். முதல் பொத்தான். இரண்டாவது. ஈரத்தில் பச்சைப் பொத்தான் காஜாவுக்குள் நுழையவில்லை. அவர் விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் தன் கையை நீட்டி, துணியை அந்தப் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்தாள்.