கிடாருக்குப் புது நெக்

ஹரீஷ்குமாரின் எலக்ட்ரிக் கிடார் மலிவுச் சரக்கு. மூன்றாவது கட்டத்தில் கம்பியை அழுத்தினால் ஒரு மாதமாகக் கர்ரென்று இரைந்தது. கம்பி ஓடும் அந்த நீளக் கட்டை, அதாவது நெக், வளைந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் மாற்றவில்லை.

ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அவனுக்குப் பகலெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும் கிரைண்டரைப் பிடித்து இரும்பைத் தேய்க்கும் வேலை. கொஞ்ச நாளாகக் காலைக் குளிரில் பைக் ஓட்டும்போது இடது கை விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயின; இப்போதெல்லாம் வீட்டிலும் அந்த மரப்பு விடவில்லை. மனைவி பிரவீனாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. புது நெக் போட்டும் இரைந்தால் கோளாறு கிடாரிலா, கையிலா என்று தெரிந்துவிடும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரவீனா பிடித்துக்கொண்டாள். "பெங்களூர் போய் வாங்கிட்டு வரலாம்னு தெனமும் சொல்றீங்க, கெளம்ப மாட்டேங்கறீங்களே?"

"பாக்கலாம்."

"அப்படி எங்கதான் இரையுது?"

அவன் தடுப்பதற்குள் கிடாரை மடியில் வைத்து, அவன் அழுத்தும் அதே கட்டத்தில் விரலை ஊன்றிக் கம்பியைத் தட்டினாள். அதுவரை கிடாரைத் தொட்டே அறியாதவள்.

கணீரென்று கேட்டது.

அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிரவீனா அதைப் பார்த்துவிட்டுக் கிடாரைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க, நெக்குதான் போயிருக்கு," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "மாத்திடலாம்."

பிறகு அந்தக் கையை இழுத்து, விரல் நுனிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பதை அவன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.