சவரியப்பன் தொழுவத்துத் தோணி

"வீரணண்ணே, உங்க ஆறு எப்ப வருது?"

"வாரப்ப உனக்குச் சொல்லி அனுப்பும்லே."

திருச்சுழிக் கரையில் இது பழைய கேலி. குண்டாற்றில் வருஷத்துக்குச் சில நாள்தான் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல். மாட்டுவண்டியே இறங்கி ஏறிவிடும். அந்தச் சில நாளுக்காக வீரணனின் அப்பா ஒரே இலுப்பை மரத்தைக் குடைந்து தோணி செய்து போட்டார். ஆறு வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு கரைச் சம்சாரிகளும் களத்தில் தோணிக்காரனுக்கு ஒரு கட்டுக் கதிர் ஒதுக்குவார்கள். வரிசையாக மழை பொய்த்ததும் அதுவும் நின்றது.

"மணல்ல நடந்து போறோம். பிறகு எதுக்குய்யா கதிரு?"

"கேக்காகள்ல, பதில் சொல்லுங்க," என்பாள் வீரணன் மனைவி மாரிக்கனி. "அதை உடைச்சு விறகாக்குங்க. கார்டு அரிசி வேகவாவது ஆகும்."

"அரிசியே வரல. விறகு எதுக்கு?"

உடைக்க அவனுக்கு மனசில்லை. போட்டு வைத்தாலும் இலுப்பை காய்ந்து வெடித்துவிடும். ஊருணியில் அமிழ்த்தி வைத்திருந்தான். ஊருணியும் வற்றிப் போனது. அக்கரையில் சவரியப்பன் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. தோணியை வண்டியில் ஏற்றி, மணலைக் கடந்து, அவன் தொழுவத்தில் கொண்டுபோய் இறக்கினான் வீரணன்.

"இதுல எப்பவும் தண்ணி நிறைச்சு வையி சவரி. உன் மாடும் குடிக்கட்டும், என் தோணியும் குடிக்கட்டும்."

"ஆறு வந்தா?"

"நடந்து வந்து எடுத்துக்கிறேன்."

"ஆறு வந்தா எப்படிண்ணே நடந்து வருவீக?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சு அதோடு போயிற்று.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் ஐப்பசியில், இங்கே ஒரு தூறல்கூட இல்லை, மேற்கே பெய்த மழைக்கு விடியும்போதே ஆறு வந்துவிட்டது. கரை முட்ட, செம்மண் நிறத்தில், முள்ளும் மரமுமாக. அக்கரையில் நின்று சவரியப்பன் கத்தினான்.

"அண்ணே! சவுந்தரத்துக்கு நேத்துலருந்து வலி! பிள்ளை குறுக்க கிடக்காம்! மருத்துவச்சி கைய விரிச்சுட்டா! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்ணே!"

ஆஸ்பத்திரி இந்தக் கரையில். தோணிக்காரனும் இந்தக் கரையில். தோணி அந்தக் கரையில்.

"பொறுலே! மரம் அடிச்சுட்டு வருது. கொஞ்சம் தணியட்டும், நீந்தி வாரேன்!"

"தணியிற வரைக்கும் இவ இருக்க மாட்டாண்ணே!"

சொன்னதோடு நிற்கவில்லை. அக்கம்பக்கத்து ஆட்களோடு தோணியைத் தூக்கி வந்து தண்ணீரில் போட்டான். வைக்கோலைப் பரப்பி அவன் மனைவி சவுந்தரத்தைக் கிடத்தினார்கள். அவன் அம்மா ஞானப்பூ ஏறி மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை இல்லை. சவரியப்பன் ஒரு கழியோடு ஏறி, தானே தோணியைத் தள்ளினான்.

வீரணன் கரையோடு ஓடிக்கொண்டே கத்தினான். "தண்ணிய எதிர்க்காதலே! அது போற பக்கமே போயி, சாய்ச்சுக் கொண்டு வா! தோணியில வெடிப்பு ஏதும் இருக்கா?"

"இல்லண்ணே! கழுவி விட அடியில ஒரு ஓட்டை போட்டேன். தக்கை அடிச்சிருக்கு. இத்தனை நாள்ல ஒரு சொட்டு ஒழுகல!"

வீரணனுக்குக் கால் நின்றுவிட்டது. "எந்தப் பக்கமிருந்து அடிச்ச?"

"உள்ளேருந்துதான்!"

"அடப் பாவி! மாட்டுத்தொட்டிக்கு உள்ளேருந்து அடிக்கலாம், உள்ள இருக்கிற தண்ணியே அமுக்கிக்கும். இப்பத் தண்ணி வெளியில இருக்குலே! பிடுங்கி உள்ள தள்ளிரும்!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை. நட்டாற்றில் தக்கை துள்ளி ஞானப்பூ மடியில் விழுந்தது. ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சியது. கிழவி தன் குதிகாலை வைத்து அழுத்தினாள். காலைச் சுற்றித் தண்ணீர் ஏறியது.

வீரணன் வேட்டியை வரிந்து கட்டினான். மாரிக்கனி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வெள்ளத்துலயா? இந்த வருசம் உங்களுக்கு ஒரு கதிர் குடுத்தாகளா?"

"தோணி நம்மளதுடி."

கையை உதறிவிட்டு இறங்கினான். எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. தோணி விளிம்பில் அவன் கை தெரிந்தது.

"ஆத்தா, தக்கையக் குடு. நான் அடியில போயி தட்டினதும் குதிகாலை எடு."

"நீ மேல வந்துருவியாய்யா?"

"வெளியேருந்து ஏத்திட்டா ஆத்துத் தண்ணியே அதை இறுக்கிக்கும் ஆத்தா. பயப்படாத."

அவள் கேட்டது அதை இல்லை.

அடியில் தட்டும் சத்தம் கேட்டது. ஞானப்பூ காலை எடுத்தாள். ஓட்டையில் தக்கை முனை எட்டிப் பார்த்து இறுகியது. தண்ணீர் நின்றது. அந்நேரம் வேரோடு வந்த வேலமரம் ஒன்று தோணியை உரசிக்கொண்டு போனது.

வெகுதூரம் தள்ளித் தோணி கரை ஒதுங்கியது. மாரிக்கனி முள்ளில் ஓடி வந்து நின்றாள்.

"அவுக எங்க?"

சவரியப்பன் ஆற்றுப் பக்கம் கை காட்டினான். ஞானப்பூ இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டாள். வைக்கோலில் கிடந்த சவுந்தரம் முனகினாள். மாரிக்கனி அவளைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள்.

"வண்டியப் பூட்டுங்க மொதல்ல," என்றாள். "இவளைக் கொண்டு போங்க."

வண்டி கிளம்பியதும் ஆற்றோரமாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள்.

தண்ணீர் சீக்கிரமே வடிந்துவிட்டது. மறுபடியும் மணல். வீரணன் கிடைக்கவில்லை. சவுந்தரமும் பிள்ளையும் பிழைத்தார்கள். சவரியப்பன் மணலில் நடந்து வந்து மாரிக்கனி வாசலில் நின்றான்.

"மதினி, தோணிய என்ன செய்ய?"

"எங்க இருக்கு?"

"தொழுவத்துலதான் போட்டிருக்கேன்."

"தண்ணி ஊத்தி வையி. காஞ்சிரும்."

"ஊத்திப் பாத்தேன் மதினி. தக்கை வெளியேருந்து அடிச்சது. உள்ள ஊத்தினா நெகிழ்ந்து ஒழுகுது. பிடுங்கிட்டு மாத்தி அடிக்கட்டுமா?"

"அவுக அடிச்சத நீ தொடாத."

"பிறகு எப்படி மதினி?"

"ஊத்து," என்றாள் மாரிக்கனி. "ஒழுக ஒழுக ஊத்து."