ஐந்தாம் மாதத்துப் பல்வலி

ஜெயபாரதி தன் பல்வலியைப் பதினொரு நாள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள்.

வயிற்றில் ஐந்து மாதம். வலித்தது கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல். முதல் மூன்று மாதம், தின்றதெல்லாம் வாந்தியாக வந்துகொண்டிருந்தபோதே அது கூச ஆரம்பித்திருந்தது. அப்புறம் ஒருநாள் வறுத்த கடலையைக் கடித்தபோது பல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்து நாக்கில் வந்து விழுந்தது. அதைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வேலைக்குப் போய்விட்டாள்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை மேசைமேல் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க்கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். அடுத்த மேசையில் அவளுடைய மாமியார் மருதாள், தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பாள். இருவரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருகிறவர்கள். முதல் பிரசவம் என்பதால் மருமகளை உட்கார்ந்தே வேலை பார்க்கும்படி சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு நாற்காலி வாங்கிக் கொடுத்ததும் மருதாள்தான்.

பல்வலியை மறைத்ததும் அந்த மருதாளிடமிருந்துதான்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், மகன் முகிலன் பிறப்பதற்கும் முன்னால், மருதாள் ஏழு மாதக் கர்ப்பத்தில் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். நாலாம் நாள் குழந்தை இல்லாமல் போயிற்று. இதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. கேட்கவும் துணிச்சல் கிடையாது. ஆனால் ஜெயபாரதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே மருதாள் அவளைத் தனியே கூப்பிட்டு, "எது வேணாலும் செய் கண்ணு, பல்லுல மட்டும் கை வெச்சுராதே" என்று சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் முகம் மருமகளைப் பார்க்கவில்லை.

அதனால் ஜெயபாரதி உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மருதாள் குளிக்கப் போன நேரத்தில் கிராம்பை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள். இடது பக்கமாகவே மென்றாள். அதுவும் முடியாமல் போனபோது ரசத்தை ஊற்றிச் சோற்றைக் கரைத்து விழுங்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்த நர்ஸ், "போன மாசத்தவிட ஒரு கிலோ கொறஞ்சிருக்குதே, சாப்பிடறதில்லையா?" என்று கேட்டதற்கு, வாந்தி என்று பொய் சொன்னாள். அந்தப் பொய் பல்லைவிட அதிகமாக அவளை உறுத்தியது.

பன்னிரண்டாம் நாள் காலையில், அவள் நல்லது என்று அடுக்கிய கட்டிலிருந்து ஒரு பனியனை மருதாள் இழுத்தெடுத்தாள். நெஞ்சுக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க்கறை.

"இது உன்ற கண்ணுக்குத் தெரியலயா, பாரதி?"

ஜெயபாரதி நிமிர்ந்தாள். வலது தாடை வீங்கிப் பளபளவென்றிருந்தது. மருதாள் புறங்கையை அந்தக் கன்னத்தருகே கொண்டுபோனாள். தொடாமலே சூடு தெரிந்தது.

"எத்தன நாளா?"

"பத்துப் பன்னெண்டு நாளாச்சுங்க அத்தை."

மருதாள் கத்தவில்லை. கத்தரியை மேசைமேல் வைத்தாள். பிறகு, "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டார்கள். கடைக்காரர் ஜெயபாரதியின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "மாசமா இருக்கறவங்களுக்கு வலி மாத்திரை எல்லாம் சும்மா குடுக்க முடியாதுங்க. சிலது கொழந்தைக்கே ஆகாது. டாக்டரப் பாத்துச் சீட்டு வாங்கிட்டு வாங்க."

"பெத்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் மருதாள் தெருவில் இறங்கியதும். "இன்னும் நாலே மாசம். கஞ்சி காச்சித் தாரேன். பொறுத்துக்க சாமி."

ஜெயபாரதி அங்கேயே நின்றுவிட்டாள். எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் நேற்றிலிருந்து காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இந்தச் சூடு உள்ளே இருக்கிற குழந்தைக்கும் தெரியுமோ என்று அவள் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கறனுங்க," என்று செல்போனை எடுத்தாள். வாந்தி என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே சொன்னாள். மறுமுனையில் நர்ஸ் திட்டியது மருதாளுக்கே கேட்டது. கடைசியில் நர்ஸ் சொன்னது ஒன்றுதான்: இன்றைக்கே பல் டாக்டரிடம் போக வேண்டும்; அஞ்சாம் மாதம் இதற்குத் தோதான நேரம்; பிரசவம்வரை தள்ளினால்தான் ஆபத்து.

ஜெயபாரதி போனை வைத்துவிட்டு, "நான் போறனுங்க அத்தை. நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றாள். முகிலனுக்கும் போன் செய்தாள். நிட்டிங் மிஷின் இரைச்சலுக்கு நடுவே அவன், "போயிட்டு வா, ஷிப்ட் முடிஞ்சதும் நானும் வந்தர்றேன்" என்று கத்தினான்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தபின் பார்த்தால், மருதாள் பின்னால் ஏறிப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

பல் டாக்டர் பிரிசில்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாயைப் பார்த்துவிட்டு, "உள்ள சீழ் வெச்சிருக்குது" என்றார். பிரசவம் பார்க்கும் டாக்டர் யார், என்ன மாத்திரை போகிறது, காய்ச்சல் எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் திறந்து சீழை எடுத்துவிட வேண்டும், வேரைச் சுத்தம் செய்ய இன்னும் இரண்டு தடவை வர வேண்டும், பல்லைப் பிடுங்கத் தேவையில்லை என்றார்.

கதவோரம் நின்றிருந்த மருதாள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அம்முணி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் பல்லப் புடுங்குனதாலதான் என்ற புள்ள செத்துப்போச்சு. இவளுக்கும் அப்படி ஆகாதுன்னு நீங்க சொல்லுவீங்களா?"

டாக்டர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

மருதாள் சொன்னாள். பல்லடம் சந்தையில் பல் பிடுங்குகிற ஒருவர் இருந்தார். மரப்பலகையில் உட்காரவைத்துக் குறடால் பிடுங்கினார்.

"அதுக்கு முன்னாடி காச்சல் இருந்துச்சாங்களா?"

"இருந்துச்சுங்க. பத்து நாளா. மொகம் வீங்கிக் கண்ணே தெரியல. வயித்துக்காரிக்கு ஆகாதுன்னு யாரும் கூட்டிட்டுப் போகல. நானாத்தான் போனேன், யாருக்கும் சொல்லாம."

"அன்னைக்கு எதனால அப்படி ஆச்சுன்னு இன்னைக்கு நான் உறுதியாச் சொன்னா, அது பொய்யிங்கம்மா. ஆனா பத்து நாள் சீழும் காச்சலும் ஒடம்புல இருந்துருக்குது. சுத்தமில்லாத குறடு வேற. நீங்க பல்லப் புடுங்கப் போனது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நீங்க வைத்தியம் தேடித்தான் போயிருக்கீங்க."

மருதாள் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அழுதாளா என்பது ஜெயபாரதிக்குத் தெரியவில்லை. அதற்குள் அவளைச் சாய்வு நாற்காலிக்கு அழைத்துவிட்டார்கள்.

மல்லாந்து படுக்கவிடாமல், வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணை செருகி இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். எக்ஸ்ரேவுக்கு முன்னால் ஈயம் வைத்த கனத்த அங்கி ஒன்றைக் கழுத்திலிருந்து வயிறு மறையும்படி போர்த்தினார்கள். ஊசி ஈறில் இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எறும்பு கடித்ததுபோல ஒரு சுருக், அவ்வளவுதான். உதடு தடித்தது, நாக்கு யாருடையதோ போலாகிவிட்டது. மிஷின் கிர்ரென்று ஓடியது. திடீரென்று தாடைக்குள் எதுவோ கட்டவிழ்ந்தமாதிரி இருந்தது. பன்னிரண்டு நாளாக அங்கே அடித்துக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோயிற்று.

அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும் போலிருந்தது. வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை புரண்டது. வழக்கமாகப் பத்தரை மணிக்கு டீ குடித்ததும் புரளும். இன்றைக்குக் கொஞ்சம் தாமதம்.

மரப்பு தெளியும்வரை எதையும் மெல்லக் கூடாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வாய் என்று சொல்லி, கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய மாத்திரைகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஷிப்ட் முடிந்து முகிலன் அலறியடித்துக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றான். "குலுங்கும்" என்று சொல்லி மருதாள் மருமகளைப் பஸ்ஸுக்கே அழைத்துப்போனாள்.

பஸ்ஸில் ஜெயபாரதியால் பேச முடியவில்லை. பாதி வாய் மரக்கட்டையாக இருந்தது. எதைச் சொன்னாலும் குழறியது. அதனாலோ என்னவோ, மருதாள் பேச ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பொட்டப் புள்ளடி அது. நல்ல நெறம். மூக்கு அப்படியே எங்கம்மா மூக்கு. ஒரு தடவதான் காட்டுனாங்க. அப்புறம் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வெச்சாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. உன்ற மாமனாரக் கேட்டா, அது எதுக்கு இப்பங்கறாரு."

ஜெயபாரதி மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவிநாசி வரும்வரை மருதாள் நிறுத்தவில்லை. அந்தக் குழந்தைக்காகத் தைத்து வைத்திருந்த சட்டை, ஊறிய பாலை மூன்று நாள் பிழிந்து ஊற்றியது, முகிலன் வயிற்றில் இருந்தபோது பல் தேய்க்கவே பயந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முன்சீட்டுப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே வீக்கம் பாதி வடிந்தது. நாலாம் நாள் ஜெயபாரதி இரண்டு பக்கமும் மென்று சோறு தின்றாள். அந்த நாலாம் நாள் முழுக்க மருதாள் கம்பெனிக்குப் போகாமல், அவள் போன இடமெல்லாம் பின்னாலேயே நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் இருவரும் வேலைக்குப் போனார்கள். அடுத்த மாதம் எடை பார்த்த நர்ஸ், இரண்டு கிலோ கூடியிருக்கிறது என்று எழுதினாள்.

மூன்றாவது தடவை போனபோது வேரைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டு, "பல்லுக்கு மேல மாட்டற தொப்பிய கொழந்த பொறந்ததும் போட்டுக்கலாம்" என்றார் டாக்டர். ஜெயபாரதி எழுந்து செருப்பைத் தேடினாள். மருதாள் நகரவில்லை.

"எனக்கும் பின்னால ரெண்டு பல்லு ஆடுதுங்க," என்றாள். "ரொம்ப வருசமாச்சுங்க."

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். மருதாள் ஏறி உட்கார்ந்தாள். விளக்கு முகத்துக்கு நேராக வந்ததும் வாயை மூடிக்கொண்டு, மருமகளைத் தேடிக் கையை நீட்டினாள்.

"நீ வெளிய போயிராத கண்ணு."

"இல்லீங்க அத்தை," என்று ஜெயபாரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.