பார்ஸ்னிப் பாத்தியும் பதினெட்டு நாளும்

பக்கவாதம் வந்து எழுந்த பஸ் டிரைவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் அதே சரிதான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கை மட்டும் சொன்னபடி கேட்டது.

அவர் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு ஓடுவாள். நடுவில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஓடுவாள். மூன்று மணிக்குத் திரும்பினால் அதற்கப்புறம் நகரமாட்டாள்.

பார்ஸ்னிப் போடலாம் என்பது அவள் யோசனை. பார்த்தால் கேரட்டுக்குப் பங்காளி மாதிரி இருக்கும், நிறம் மட்டும் வெள்ளை. வேகவைத்து மசித்துக் கொடுத்தால் அவர் மெல்லாமலே விழுங்கலாம். மண்ணில் கல் தட்டுப்பட்டால் கிழங்கு இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால் கடப்பாரையால் ஆழக் குழி குத்தி, சலித்த மண்ணை நிரப்பினாள். அவர் குனிந்து, குழிக்கு மூன்று விதையாக இடது கையால் போட்டார். ஒரு பாத்தி போட்டு முடிக்க அரை நாள் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை. நோய் வந்த பிறகு அவர் தானாகக் கை நீட்டிச் செய்த முதல் வேலை அது.

நான்கு வாரம் பாத்தி வாயே திறக்கவில்லை. விதை செத்த விதை போல என்று அவள் நினைத்துவிட்டாள். ஐந்தாவது வாரம் ஊசி மாதிரி பச்சை தெரிந்தது. அவர் அன்றைக்குச் சொன்ன "சரி" அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அதன்பிறகு அந்தப் பாத்தி அவருடையதாகிவிட்டது. அவள் வேலைக்குப் போன நேரத்தில் நாற்காலியில் இருந்தபடியே களை பிடுங்குவார், பழுத்த அடி இலைகளைக் கிள்ளிப் போடுவார். கோடை முற்றியபோது செடிகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன.

வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. வியாழக்கிழமை குளிப்பாட்டும்போது அவர் இடது முன்கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகக் கோடுகளைப் பார்த்தாள். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று எண்ணெய் தடவினாள். வெள்ளிக்கிழமை கோடெல்லாம் கொப்புளமாகிவிட்டது. பிரம்பால் விளாசிய மாதிரி, வரிவரியாக. தொட்டால் முனகினார்.

சனிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"நாங்க ரெண்டு பேருதான் டாக்டர்."

"தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி ஒருத்தரைப் பார்த்துக்கறது சாதாரண வேலை இல்ல. எப்பவாவது கை நீட்டியிருக்கீங்களா?"

இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு நாக்கு எழவில்லை. நீட்டியிருக்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு நாள், ஊட்டிய தட்டை அவர் மூன்றாவது தடவையும் தட்டிவிட்டபோது, புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். அன்று முழுக்க அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஓர் அடி இப்போது கண்முன்னே வந்து நின்றது.

"இல்ல" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். "இவருக்கு நெருங்கின சொந்தம் யாரு? ஃபோன் நம்பர் குடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் டாக்ஸியில் வந்து இறங்கினாள். இவள் கணவருக்கு அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நேராகத் தம்பியிடம் போய்ச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, என்னைப் பாரு. இவ உன்னை அடிச்சாளா?"

"சரி" என்றார் அவர்.

"அண்ணி! அவருக்கு அதைத் தவிர வேற வார்த்தை வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டும் ரெண்டும் அஞ்சான்னு கேளுங்க, அதுக்கும் சரின்னுதான் சொல்வாரு!"

"அவன் சொல்ல வேண்டாம்மா. எனக்குக் கண்ணு இருக்கு."

அவர் உடுப்பையும் மருந்தையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, தம்பியைத் தாங்கி டாக்ஸியில் ஏற்றினாள். அவர் கதவுக்கு வெளியே இடது கையை நீட்டி "சரி, சரி" என்று கத்திக்கொண்டே போனார். அவள் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

அடுத்த நாளிலிருந்து, வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு சங்கிலி போட்டபடி நான்கு விரற்கடை திறக்கும். "சாப்பிட்டான். தூங்கறான். நீ போ." அவர் அந்த நேரத்தில் தூங்குகிறவரே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் உள்ளே பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவருக்கு எந்தப் பக்கத்துக் கடைவாயில் ஊட்ட வேண்டும், விழுங்கிய பிறகு தாடையை எப்படித் தடவ வேண்டும் என்று கதவிடுக்கு வழியாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பாள். நாளாக ஆக அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. அசதியில், தன்னை அறியாமல், நிஜமாகவே அடித்துவிட்டோமா? தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அவரைக் கூட்டிப்போன பதினாலாம் நாள் சலவைக்கடையில் ஒரு சட்டையின் முதுகைத் தீய்த்துவிட்டாள். முதலாளி திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா. தூங்கி எழுந்து வா" என்றார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தால், காலி நாற்காலியும் அதைச் சுற்றி மதமதவென்று வளர்ந்த பார்ஸ்னிப்பும்.

அவர் இல்லாமல் இது மட்டும் எதற்கு என்று வெறி வந்தது. எப்போதும் களை எடுக்கப் பொழுது சாயும் வேளையில், கடையில் கொடுத்த முழுக்கை அங்கியோடு இறங்குகிறவள், அன்று கையில்லாத ரவிக்கையோடு பாத்திக்குள் பாய்ந்தாள். இலையைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து முறித்தாள். விரல் பருமன்கூட இல்லாத கிழங்குகள் மண்ணோடு வந்து விழுந்தன. பாதிப் பாத்தி காலியானதும் மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்தாள். கைகளில் வழிந்த சாற்றை வெயில் காயவைத்தது.

பதினாறாம் நாள் காலை அவள் கைகள் இரண்டும் எரிந்தன. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்த கோடுகள், கோட்டின்மேல் கொப்புளம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

மறுநாளைக்குத்தான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. ஒரு கொத்து இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போனாள். கைகளை மேஜைமேல் வைத்தாள்.

"என்னை யாரு டாக்டர் அடிச்சிருப்பாங்க?"

டாக்டர் இலையைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எதையோ தேடி நெடுநேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தச் செடியோட சாறு தோல்ல பட்டு, அதுமேல வெயிலும் பட்டா வெந்துபோகும்மா. உடனே தெரியாது. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் கொப்புளிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் பகல்ல என்ன பண்றாருன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல" என்றார். அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் கதவிடுக்கு வழியாக அந்தத் தாளை நீட்டினாள். நாத்தனார் படித்தாள். அவள் கைகளைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். சங்கிலி விலகியது.

இரண்டு வாரத்தில் அந்த அம்மாள் பத்து வயது கூடிப்போயிருந்தாள். தலை வாரவில்லை. உடுப்பின் முன்பக்கமெல்லாம் சாப்பாட்டுக் கறை. ஜன்னலோரம் டிரைவர் கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் எழப் பார்த்துச் சாய்ந்தார். அவள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். அவர் இடது கையால் அவள் தோளை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்றாள் நாத்தனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம். ஆனால் பதினெட்டு நாளாக மனசில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"அண்ணி, இந்தக் கோடு நான் போட்டதில்ல. ஆனா ஒரு தடவை அடிச்சிருக்கேன். குளிர்காலத்துல. கையில."

நாத்தனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று இவள் காத்திருந்தாள்.

"நான் ரெண்டு தடவை" என்றாள் நாத்தனார். "முந்தாநாள் ஒண்ணு. இன்னிக்குக் காலையில ஒண்ணு." முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

பிறகு நாத்தனாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பையில் உடுப்புகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. இலை எட்டும் தூரத்துக்கு நாற்காலியைக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் நாத்தனார் இரண்டு பஸ் மாறி வந்தாள். பழைய வருத்தம் கரைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வருவது மட்டும் நிற்கவில்லை.

உறைபனி இரண்டு தடவை விழுந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை கையுறை போட்டுக்கொண்டு கடப்பாரையால் மிச்சப் பாதிப் பாத்தியைத் தோண்டினார்கள். மண் இறுகிக் கிடந்தது. முதல் இரண்டு கிழங்கும் நடுவில் ஒடிந்துவிட்டன. "சுத்தி நெம்பு, நேரா இழுக்காதே" என்று நாத்தனார் கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில் சொன்னாள். மூன்றாவது முழுசாக வந்தது, முழங்கை நீளத்துக்கு. பனி பட்டதில் நன்றாக இனித்தது.

வேகவைத்து மசித்து, நாத்தனார் கிண்ணத்தோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ போய்ப் படு. நான் ஊட்டறேன்" என்றாள். அவள் உள்ளறைக்குப் போய்ச் சும்மா சாய்ந்தாள். எழுந்தபோது சாயங்காலமாகிவிட்டிருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.